சைட்

அப்பா ‘சைட்’ என்றால்
பணகுடிக்குத் தெற்கே காற்றாடி நிற்கிற செம்மண்.
பதினாலு மெஷின், ஒரு தகர ஷெட்,
ராத்திரி முழுக்கத் தலைக்கு மேல் ஊஊ என்றொரு சத்தம்.
நான் ‘சைட்’ என்றால்
திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிற வெள்ளைத் திரை.
விடியுமுன் வந்து டார்ச்சை ஆணியில் மாட்டிவிட்டுக் கேட்பார்:
“சைட் ஓடுதாட்டி?”
“ஒங்க சைட்?” என்பேன்.
பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே பதில்.

விண்ணப்பத்திலேயே ஒரு தடங்கல்.
என் மார்க் ஷீட்டில் அவர் சுயம்புலிங்கம்.
சாதிச் சான்றிதழில்
சுயம்பு, ஓர் இடைவெளி, லிங்கம்.
அந்த இடைவெளியை மூட
ராதாபுரம் தாலுகா ஆபீஸுக்கு மூன்று நடை.
முதல் நாள் தாசில்தார் முகாம்.
இரண்டாம் நாள் சர்வர்.
மூன்றாம் நாள், ஷிப்ட் முடிந்து படுக்காமல் வந்தவர்
பெஞ்சில் உட்கார்ந்தபடியே உறங்கிப்போனார்.
பெயரைக் கூப்பிட்டபோது
எந்தச் சுயம்புலிங்கம் எழுந்தாரோ தெரியாது,
கையெழுத்துப் போட்டார்.

கல்லூரிகளை வரிசைப்படுத்தச் சொன்னார்கள்.
முதலில் திருநெல்வேலி.
அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில்
பதினோரு நாள் படுத்திருக்கிறேன்.
செருப்பு வேகமாகப் போனால் டாக்டர்.
நின்று நின்று போனால் எங்களைப்போல் யாரோ.
அடுத்து தூத்துக்குடி, ஆசாரிப்பள்ளம், விருதுநகர்.
பிறகு பஸ் போர்டில் மட்டும் பார்த்த ஊர்கள்.
பிறகு பஸ் போர்டிலும் பார்க்காத ஊர்கள்.

முதல் சுற்று முடிந்த இடத்துக்கு
பதினேழு பேர் பின்னால் நான்.
பதினேழு பேர் என்றால்
வள்ளியூர் பஸ்ஸில் நிற்கிற கூட்டம்கூட இல்லை.
யாருக்காவது டெல்லியில் கிடைக்கட்டும்.
யாராவது மனசு மாறி இன்ஜினியரிங் போகட்டும்.
யாருக்காவது ரத்தம் பார்த்தால் மயக்கம் என்று
இப்போதாவது தெரியட்டும்.
கெட்டது எதுவும் நினைக்கவில்லை.
நினைக்கவில்லை என்று
இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன்.

வடக்கன்குளம் ஜெபராணிக்குக் கள்ளக்குறிச்சி.
வாய்ஸ் மெசேஜில் அழுகையா சிரிப்பா தெரியாத குரல்:
“பக்கத்துல கேட்டுப் பாக்கவா, இல்ல பெட்டியக் கட்டவா?”
“கேளு” என்றேன் உடனே.
அவள் நகர்ந்தால் கீழே ஓர் இடம் காலியாகும்.
அவளும் நானும் ஒரே சமூகப் பட்டியல்.
அவள் வீட்டுக்குப் பக்கத்தில் வரட்டும் என்றும்தான் சொன்னேன்.
எது முன்னால் வந்தது என்று
என்னைக் கேட்காதீர்கள்.

ஒரு ஞாயிறு அவருக்குப் பகல் ஷிப்ட்.
சோறு கொண்டுபோனேன்.
கணவாய்க் காற்று தூக்குவாளியைப் பிடித்து இழுத்தது,
தாவணியை முள்வேலிக்குக் கொடுத்தது.
பதினாலும் அசையாமல் நின்றன.
“காத்து பத்தலியாப்பா?”
“காத்துக்கென்ன கொறச்சல்.
கரண்டு இப்போ வேண்டாங்கான்.
நிறுத்தி வையின்னு போனு.”
மண் விழாமல்
மூடியைப் பாதி திறந்து சாப்பிட்டார்.
எனக்காக அதைச் சொல்லவில்லை அவர்.
மெஷின் நின்றாலும் அவர் சம்பளம் அதேதான்.
ஊறுகாய் இருக்கா என்று கேட்டார்.
இருந்தது.

இரண்டாம் பட்டியல்
ராத்திரி பதினொன்றரைக்கு வந்தது.
முந்நூற்றுச் சொச்சம் பக்கம்.
சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் நிற்கிறேன்.
போன் அடிக்கிறது.
“சைட் ஓடுதாட்டி?”
“தொறந்துட்டு.”
பின்னால் அந்தச் சத்தம். ஓடுகிறது போல.
இருநூற்று நாற்பதாம் பக்கத்தில்
பட்டியல் நின்றுவிட்டது.
நான் இருந்தால் இதற்குப் பிறகுதான்.
“வையிங்க, பாத்துட்டுக் கூப்பிடுதேன்.”
சரி என்கிறார்.
வைக்கவில்லை.
ஒரு காதில்
பதினாலு மெஷினும் சுற்றுகின்றன.